மிக்ஸி ஓடும் வீடு

வெறும் ஜாரை மிக்ஸியில் மாட்டி ஓடவிடும் பெண் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? தேங்காய் இல்லை, மிளகு இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. எங்கள் ஊரில் ஒருத்தி ஏழெட்டு வருஷம் அப்படி ஓடவிட்டாள். அவள் பெயர் சௌதாமினி. பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். பைத்தியம் பிடித்திருந்தால் பிழைத்திருப்பாள்.

நான் பாறசாலைக்குத் தெற்கே, கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு கிறிஸ்தவ சபையில் கோயில்குட்டி. பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கோயிலைத் திறப்பது, கூட்டுவது, மைக் வைப்பது, மணி அடிப்பது எல்லாம் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை மணி வேறு, துக்க மணி வேறு. சபையில் யாராவது இறந்துவிட்டால் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்து, அந்த ஒலி முழுக்க அடங்கும்வரை நின்று, பிறகுதான் அடுத்த இழுப்பு. அதைக் கேட்டதும் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். "ஆருக்காக்கும்?" என்று மதிலுக்கு மதில் கேட்டுக்கொள்வார்கள். சௌதாமினியின் வீடு கோயில் மதிலை ஒட்டியது. மதிலுக்கு இந்தப் பக்கம் மணிக்கூண்டு; அந்தப் பக்கம் அவள் கணவர் தாசையனின் சாய்வு நாற்காலி.

தாசையண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஸ்டென்ட் வைத்து, நன்றாகத்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மாத்திரைகளைச் சொன்னார், உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். அறையை விட்டுப் போகும்போது வாசலில் நின்று மலையாளத்தில் ஒரு வாக்கியம் சொன்னார்: "டென்ஷன் ஒந்நும் கொடுக்கருது, கேட்டோ. சந்தோஷமாயிட்டு இருத்தணம்."

கவலை எதுவும் கொடுக்காமல் சந்தோஷமாக வைத்திருக்கவேண்டும் என்று பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதையேதான் அந்த டாக்டர் சொன்னார். நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன், என் காதால் கேட்டேன். மற்றவர்கள் 'சரி டாக்டர்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுகிற வாக்கியம் அது. சௌதாமினி மறக்கவில்லை. வேதத்தில் கர்த்தர் இட்ட கட்டளை பத்து, அவளுக்குப் பதினொன்று. மாத்திரையை ஒருவேளை மறந்தாலும் மறப்பாள், சந்தோஷத்தை மறக்கமாட்டாள்.

முதலில் டிவியில் செய்தி நின்றது. பிறகு பத்திரிகை நின்றது. கடன்காரன், கரண்ட் பில், குழாயில் தண்ணீர் வராதது, மகன் அஜேஷுக்கு வளைகுடாவில் வேலை போய் அங்கேயே அறையில் சும்மா படுத்திருந்தது, எதுவும் அவர் காதுக்குப் போகக்கூடாது. கடைசியாக மணி. தாசையண்ணனுக்கு ஊர் முழுக்கச் சேக்காளிகள். யார் செத்தாலும் அவருக்குத் தெரிந்தவராகத்தான் இருக்கும். ஒருநாள் மதிலருகே வந்து நின்றாள்.

"தம்பி, ஒரு உபகாரம் செய்யணும். துக்க மணி அடிக்குதுக்கு முந்தி எனக்கு ஒரு மிஸ்டு கால் தரணும்."

"எதுக்கு அக்கா?"

"நான் மிக்ஸி போடுவேன். ஆளுக்கு மணி கேக்காது."

கணவரை அவள் 'ஆளு' என்றுதான் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அதன்பிறகு ஊரில் சாவு விழுந்தால் நான் மிஸ்டு கால் கொடுப்பேன். மதிலுக்கு அப்பால் மிக்ஸி அலறும். நான் கயிற்றை இழுப்பேன். கடைசி இழுப்பின் ஒலி அடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து மிக்ஸி நிற்கும். மணிக்கு நடுவே அவர் கத்துவது எனக்கே கேட்கும்: "எட்டீ, என்னத்தட்டீ அரைக்குத?" அவள் சொல்வாள்: "சம்மந்திக்குத் தேங்கா." அன்று சாப்பாட்டில் சம்மந்தித் துவையல் இருக்காது. அவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. அது ஏன் என்று அப்போது நானும் யோசிக்கவில்லை.

இதில் பெரிய வேலை மணியை மறைப்பது இல்லை, முகத்தை மறைப்பது. தாசையண்ணன் நெரிசல் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர். வீட்டில் ஒரு முகத்தைப் படிக்க அவருக்கு என்ன கஷ்டம்? காலையில் சாயா கொண்டுவரும்போது அவள் புருவம் கொஞ்சம் சுருங்கியிருந்தால் போதும்.

"என்னட்டீ, மொகம் ஒரு மாதிரி இருக்கு? எனக்கு நெஞ்சு பிடிக்குது, கேட்டியா."

வலது கை இடது மார்பில் போய் உட்காரும். உடனே வீடு ஸ்தம்பித்துவிடும். மருமகள் ஜிஷா விசிறியோடு ஓடிவருவாள். சௌதாமினி சிரிப்பாள். பல் தெரிய, கன்னம் உயர, கண் சுருங்க. அந்தக் கை மார்பிலிருந்து இறங்கும்வரை சிரிப்பாள். மீன் நன்றாக இல்லையென்றால் நெஞ்சு பிடிக்கும். அவள் பிறந்த வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் நெஞ்சு பிடிக்கும். ஜிஷா நெய்யாற்றின்கரையில் துணிக்கடை வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று ரொம்பவே பிடித்தது. சம்பளத்தில் அவருக்கு ஒரு புது மொபைல் வாங்கிக் கொடுப்பதாகச் சொன்ன பிறகு விட்டுவிட்டது.

சபையில் ஒருமுறை மனநலக் கூட்டம் நடத்தினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு இளம் கவுன்சலர் வந்தாள். துக்கத்தை உள்ளே அடக்கி வைக்காதீர்கள், அழவேண்டுமென்றால் அழுதுவிடுங்கள், அடக்கிவைத்தால் உடம்பு அதை வேறு வழியில் காட்டும் என்று அழகாகச் சொன்னாள். சௌதாமினி முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்து நின்றாள்.

"மோளே, அழாம இருக்க எதாவது வழி உண்டா? அழுதாலும் வீட்டில ஆளு பாக்காத மாதிரி?"

கவுன்சலர் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். கூட்டமும் சிரித்தது. சௌதாமினியும் கூடவே சிரித்தாள். அவளுக்குத்தான் அந்த முகம் எப்போதும் தயாராக இருக்குமே. நான் மைக்கை அணைத்துவிட்டு வெளியே போனேன். யாரையாவது கழுத்தைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

அவள் அழுவதற்கு ஓர் இடம் இருந்தது. அது எங்கள் கல்லறைத் தோட்டம். பெண்கள் ஜெபக்கூட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஊர்ச் சாவுகளுக்கெல்லாம் வருவாள். பின்னால் நின்று, பெட்டியை இறக்கும் நேரத்தில் கொஞ்சமாக அழுவாள். அளந்து அழுவாள். கண் வீங்காத அளவுக்கு. பிறகு கோயில் குழாயில் முகத்தைக் கழுவி, முந்தானையால் ஒற்றி, "தம்பி, கண்ணு சிவந்திருக்கா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள். அடுத்தவன் சாவில் ஓசியாக அழுகிறாள் என்று பெண்கள் கேலி பேசுவார்கள்.

அவள் பிறந்த வீடு பொழியூரில். அண்ணன் ஜோஷி கடலோரத்தில் இருந்தான். ஒருநாள் சபைப் பத்திரிகை கொடுக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தாசையண்ணன் நாற்காலியில். சௌதாமினியின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். தாசையண்ணன் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் சிரித்தாள். "அப்பிடியா! கொள்ளாமே! ... எல்லாமா? அடுக்களையும் போயாச்சா? ... செரி செரி. நல்ல காரியம்."

"என்னட்டீ?"

"எனக்க அண்ணன் வீடு மாறுகாராம்."

"கொள்ளாம். பால் காச்சுக்குக் கூப்பிடுவானா?"

"பின்ன, கூப்பிடாமலா?" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். போன பிறகு பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. தேய்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் என் மனைவி ஷிஜி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: ஜோஷியின் வீட்டைக் கடல் எடுத்துவிட்டது. குடும்பம் பள்ளிக்கூடத்தில் முகாமில் இருக்கிறது.

அந்த முகாமிலிருந்து வாடகை வீட்டுக்குப் போன ஜோஷி அதிக காலம் இருக்கவில்லை. அடுத்த மழைக்குள் செத்துப்போனான். செய்தி வந்த அன்று காலையில் சௌதாமினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பச்சைப் பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ, கையில் ஒரு துணிப்பை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நிச்சயதார்த்தம்னு சொல்லியிட்டு வந்திருக்கேன்" என்றாள். "ஷிஜி, நீயும் கூட வா. ஒரு அறை தா."

அறைக்குள் போய்ப் பட்டை அவிழ்த்து வைத்துவிட்டுப் பையிலிருந்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். பூவை எடுத்து எங்கள் மேஜைமேல் வைத்தாள். இருவரும் பொழியூருக்குப் போனார்கள். அங்கே நடந்ததை ஷிஜி அழுதுகொண்டே சொன்னாள். சௌதாமினி பெட்டியருகே நின்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விட்டால் நிற்காது, கண் வீங்கும், வீட்டில் ஆள் பார்த்துவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். ஜோஷியின் மனைவி எல்லார் முன்னாலும் கத்தினாளாம்: "கூடப் பொறந்தவன் கெடக்கான், கண்ணு நனையுதா பாரு இவளுக்கு! கல்லாக்கும் நீ. எறங்கிப் போ." ஒருத்தரும் தடுக்கவில்லையாம். சௌதாமினி இறங்கித்தான் வந்தாள்.

வரும் வழியில் பாறசாலையில் ஒரு பேக்கரி முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். லட்டு வாங்கினாள். நிச்சயதார்த்தத்துக்குப் போனவள் வெறுங்கையோடு வரமுடியாதல்லவா? எங்கள் வீட்டில் மறுபடி பட்டைக் கட்டினாள். காலையில் வைத்த பூ வாடியிருந்தது. ஷிஜி வீட்டுப் பின்புறத்திலிருந்து புதிதாகப் பறித்து வைத்துவிட்டாள். சௌதாமினி கண்ணாடி முன்னால் நின்று அந்தச் சிரிப்பைப் போட்டுப் பார்த்தாள். ஒரு தடவை சரியாக வரவில்லை. மறுபடி போட்டாள்.

"ஷிஜி, கண்ணு சிவந்திருக்கா?"

"இல்ல சேச்சீ. நீங்க அழவே இல்லியே."

"அப்போ செரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தாசையண்ணன் லட்டைச் சாப்பிட்டுவிட்டுப் பெண் எப்படி, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்றெல்லாம் விசாரித்திருக்கிறார். அவளும் ஒரு பெண்ணையும் ஒரு மாப்பிள்ளையையும் உண்டாக்கிச் சொல்லியிருக்கிறாள். மதில் வழியாக எனக்கும் ஒரு லட்டு வந்தது. நான் தொடவில்லை. எறும்பு தின்றது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஊருக்குப் புதிதாக வந்து வாடகைக்கு இருந்த ஒரு முதியவர் இறந்தார். அவருக்குச் சொந்தமென்று யாருமில்லை. பெட்டியை இறக்கும்போது பின்னாலிருந்து ஒரு ஓலம் கேட்டது. சௌதாமினி. "எனக்க அண்ணா, எனக்க பொன்னண்ணா" என்று மண்ணில் விழுந்து புரண்டாள். அந்த மனிதரோடு அவள் ஒருநாள்கூடப் பேசியதில்லை. இளவட்டங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பெண் இன்னொருத்தியிடம், "ஆரோ கூலி பேசிக் கூட்டியிட்டு வந்தாச்சு" என்றாள். ஷிஜிதான் அவளைத் தூக்கி நிறுத்தினாள். அன்று கண் வீங்கிவிட்டது. வீட்டில் குளவி கொட்டிவிட்டது என்று சொன்னாளாம்.

குளவி கொட்டிய பிறகுதான் வலி ஆரம்பித்தது. இடது தோளில் கனம். தாடையில் குத்தல். படி ஏறினால் மூச்சு வாங்கும். கேஸ் டிரபிள் என்று இஞ்சிச் சாறு குடித்தாள். தைலம் தேய்த்தாள், அதுவும் அவர் தூங்கும்போது. தைல வாசனை வந்தால் யாருக்கு என்ன தீனம் என்று கேட்பாரே. ஷிஜி விடாமல் இழுத்துக்கொண்டு ஹெல்த் சென்டருக்குப் போனாள். அங்கிருந்த டாக்டரம்மா முகம் மாறி, உடனே நெய்யாற்றின்கரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், இது கேஸ் இல்லை, நெஞ்சு என்று சொல்லிவிட்டாள்.

"அட்மிட் ஆகணுமா டாக்டரே?"

"வேண்டி வரும்மா."

"அப்போ ஆளுட்ட என்ன செல்லுது?" என்று சௌதாமினி ஷிஜியைப் பார்த்துக் கேட்டாளாம். அவரிடம் என்ன சொல்வது என்று கேட்டாளே தவிர, தன் நெஞ்சுக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலையில் ஆட்டோ வந்தது. பாங்குக்குப் போவதாக அவரிடம் சொல்லியிருந்தாள். ஷிஜி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாயிற்று. சௌதாமினி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். கையில் பை. பைக்கு வெளியே பிளாஸ்க்கின் மூடி தெரிந்தது.

வராந்தாவிலிருந்து சத்தம் வந்தது. "எட்டீ, பாங்குக்கு எதுக்கட்டீ பிளாஸ்க்?"

அவள் திரும்பினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கை மெல்ல எழும்பி இடது மார்பில் போய் உட்கார்ந்தது.

"நெஞ்சு பிடிக்குது" என்றார்.

"சேச்சீ, ஏறுங்க! ஒண்ணும் ஆகாது, ஜிஷா உண்டு வீட்டில. ஏறுங்க சேச்சீ!" என்று ஷிஜி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். கோயில் வாசலில் துடைப்பத்தோடு நின்ற நானும், "போங்க அக்கா, நான் பாத்துக்குறேன்" என்று கத்தினேன். சௌதாமினி காலை வெளியே எடுத்துவிட்டாள். எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

"அடுத்த ஆழ்ச்ச போவலாம் மோளே. ஆளுக்கு ஒரு சொகமில்ல."

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கு முன்பே சபையில் இன்னொரு சாவு. நான் வழக்கம்போல மிஸ்டு கால் கொடுத்தேன். மிக்ஸி ஓட ஆரம்பித்தது. கயிற்றை இழுத்தேன். மணி முடிந்தது. மிக்ஸி நிற்கவில்லை. இன்று நிஜமாகவே ஏதோ அரைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக் கயிற்றைக் கட்டினேன். கதவைப் பூட்டினேன். மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. மதில் பக்கம் வந்தபோது கருகல் வாடை அடித்தது. மதிலை ஏறிக் குதித்தேன்.

ஜிஷா வேலைக்குப் போயிருந்தாள். தாசையண்ணன் நாற்காலியில்தான் இருந்தார். புகை வராந்தாவரைக்கும் வந்துவிட்டது.

"எலே, அவகிட்ட அத நிறுத்தச் செல்லு. எவ்வளவு நேரமாச்சு விளிக்குதேன்."

விளித்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை. அடுக்களைக்கு எத்தனை தூரம்? நான் உள்ளே ஓடினேன். அவள் மேடைக்குக் கீழே விழுந்து கிடந்தாள். மேலே வெறும் ஜார் அலறிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு அவள் முகத்தைத் திருப்பினேன். பிற்பாடு அடக்க ஆராதனையில் போதகர், "நம் சகோதரி சிரித்த முகத்தோடே மரித்தார்" என்று பிரசங்கம் செய்தார். அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. பல வருஷத்துக்குப் பிறகு அவளுடைய சொந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். நான் மணி அடிக்கத் திரும்பினேன். கமிட்டிக்காரர்கள் தடுத்தார்கள்.

"இப்போ அடிச்சா தாசையனுக்கு எதாவது ஆகும். ஆரு பொறுப்பு? அஜேஷ் வரட்டு."

ஜிஷாவும் பயந்து அழுதாள். அதனால் சௌதாமினி ஐ.சி.யு.வில் இருக்கிறாள் என்று அவரிடம் சொல்லப்பட்டது. உடல் பிணவறையில் இருந்தது. மணி இல்லை. சந்திப்பில் கறுப்புக்கொடி இல்லை, படம் போட்ட போஸ்டர் இல்லை. ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. வீட்டில் டிவியில் காமெடி ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலைத் தாண்டும்போது சிரித்த முகத்தோடு தாண்டினார்கள். ஜிஷா மாமியாரின் அந்தப் பழைய சிரிப்பைத் தன் முகத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு கஞ்சி கொண்டுபோய் வைத்தாள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"மாமிக்குச் சொகமாயிட்டு வருது மாமா."

"கொள்ளாம்" என்றார் அவர். ஒரு வாய் குடித்தார். "இதில உப்பு கொறவாக்கும்."

அஜேஷ் விமானம் இறங்கி வந்தான். இனி மறைக்கமுடியாது, பெட்டி வீட்டுக்கு வந்தாகவேண்டும். தெருமுனையில் ஒரு ஆம்புலன்ஸை நிறுத்தினோம். பக்கத்துத் தெரு நர்ஸ் பெண் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையோடு கதவுக்குப் பின்னால் நின்றாள். அஜேஷ் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லமுடியாமல் விம்மினான். நான்தான் சொன்னேன்.

"அண்ணா, மனச திடப்படுத்தணும். அக்கா போயாச்சு."

எல்லாரும் அந்த வலது கையைப் பார்த்தோம். அது மடியிலேயே கிடந்தது.

"தெரியும்லே" என்றார். "மிக்ஸி நிக்காதப்பமே தெரியும்."

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பஸ்ஸில் பார்க்கிற மாதிரி.

"நீங்க எல்லாரும் என்ன, நான் பொட்டன்னு நெனச்சிட்டு இருக்கியளா? வெறும் ஜார் ஓடுற சத்தமும் தேங்கா அரைக்கிற சத்தமும் எனக்குத் தெரியாதா? மிக்ஸி போட்டா ஊருல ஒருத்தன் போயாச்சு. எனக்கு அதாக்கும் மணி. ஜோஷி போன அண்ணைக்கு லட்டு வாங்கியிட்டு வந்தாளே... நல்ல லட்டு. அஜேஷே, அவளுக்க அடியந்திரச் சாப்பாட்டுக்கு அந்தக் கடையில சொல்லியிரு."

கதவுக்குப் பின்னால் ஷிஜி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பெரியவர் சின்னவர் என்று பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சிட்டே இருந்தீரா? பின்ன அவகிட்ட ஒரு வார்த்த செல்லலாமே. எல்லாம் தெரியும், நீ அழுதுக்கன்னு செல்லலாமே."

"எதுக்கு? என்னை நல்லா வச்சிருக்கோம்னு அவளுக்கு ஒரு சந்தோஷம். நான் எதுக்கு அதக் கெடுக்கணும்?"

"பிளாஸ்க்கப் பாத்தீரே. ஆசுபத்திரிக்கின்னு தெரிஞ்சுதா?"

கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லப் போகிறாரோ என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"தெரிஞ்சுது. ராத்திரி நான் தனியா கெடக்கணுமேலே" என்றார். பிறகு அஜேஷின் தோளைத் தட்டினார். "அழாத மக்கா. நீ அழுதா எனக்கு நெஞ்சு பிடிக்கும்."

அஜேஷ் சட்டென்று அழுகையை நிறுத்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்து உதட்டை இழுத்துச் சிரித்தான். அச்சு அசல் அம்மாவின் சிரிப்பு.

நான் எழுந்து கோயிலுக்குப் போனேன். பழக்கதோஷத்தில் கை சட்டைப்பைக்குள் போய் போனை எடுத்து, சௌதாமினியின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. திரும்பப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். கமிட்டிக்காரர் வந்து போதும் என்று சொல்லும்வரை இழுத்தேன். சொன்ன பிறகும் இழுத்தேன். மதிலுக்கு அப்பால் எந்தச் சத்தமும் இல்லை. மணி முழுதாக அவர் காதில் விழுந்திருக்கும்.

அவர் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன மாதம் செக்கப்புக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டுக் கல் மாதிரி இருக்கிறது என்றாராம். அஜேஷ் திரும்பிப் போவதற்கு முன் வீட்டுக்குப் புது மிக்ஸி வாங்கிக் கொடுத்தான். நேற்று சபையில் ஒரு சாவு. நான் யாருக்கும் மிஸ்டு கால் கொடுக்கவில்லை. முதல் இழுப்பு இழுத்ததுமே மதிலுக்கு அப்பால் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. ஜிஷா வேலையை விட்டுவிட்டு வீட்டில்தான் இருக்கிறாள்.